சட்டம் கேளுங்கள்: ஸ்டேஷனில் இருந்து போன் வந்தால்...

இந்த இதழில் குற்ற வழக்குகள் பற்றிய கேள்விகள் மட்டும். பதில் தருவது நம் குற்றவியல் வழக்கறிஞர்கள் குழு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) போய் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டதால், பிரிவு எண்களைப் புதிய சட்டப்படியே கொடுத்திருக்கிறோம். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த சம்பவம் என்றால் குற்றப் பிரிவு பழைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ.வில்தான் இருக்கும்; குழம்ப வேண்டாம்.

வாசகி, திண்டுக்கல்: என் மகனுக்கு 22 வயது. தெருவில் நடந்த அடிதடியில் அவன் பேரும் இருக்கிறதாம். "சும்மா விசாரணைக்குத்தான், வந்துட்டுப் போகட்டும்" என்று ஸ்டேஷனில் இருந்து போன் வருகிறது. வக்கீலோடு போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?

ஆகாது, அம்மா. வக்கீல் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

முதலில் தெரிய வேண்டியது, அங்கே இருப்பது வெறும் மனுவா, எஃப்.ஐ.ஆரா என்பது. மனு என்றால் சி.எஸ்.ஆர். (மனு ரசீது) எண் இருக்கும். எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண் இருக்கும். போன் செய்தவரிடம் பெயர், பதவி, எந்த எண் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு கொடுத்துத் தேடலாம். உங்கள் வக்கீல் செய்யும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும். என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் யாராலும் உருப்படியான யோசனை சொல்ல முடியாது.

இரண்டாவது, எழுத்தில் அழைப்பு. சாட்சியாகக் கூப்பிட்டால் 179-ம் பிரிவில் நோட்டீஸ் வரும். சந்தேக நபராகக் கூப்பிட்டு, கைது தேவையில்லை என்று நினைத்தால் 35(3)-ல் வரும். இந்த 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். ஆகவே நோட்டீஸ் உங்கள் பையனுக்குப் பாதுகாப்பு. அதை வாங்க மறுப்பதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும் கைதுக்கு நாமே வழி செய்து கொடுப்பது.

"பையன் வரலைன்னா உங்களை அழைச்சிட்டுப் போவோம்" என்று சொன்னால் பயப்படாதீர்கள். விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று 179-ம் பிரிவே சொல்கிறது. 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

ஸ்டேஷனில் கையெழுத்து விஷயத்தில் கவனம். போலீஸ் விசாரணையில் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளலாம், ஆனால் சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது (பிரிவு 181). நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடலாம். வெற்றுத் தாளில், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நீட்டும் தாளில் போடக் கூடாது. தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை இருக்கிறது. ஆனால் பெயர், முகவரி கேட்டால் முரண்டு பிடிக்க வேண்டாம்.

கைது செய்வார்கள் என்று தோன்றினால் 482-ம் பிரிவில் முன்ஜாமீன். மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முதலில் போட்டுவிட்டு, தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம் போவதுதான் வழக்கம். திண்டுக்கல் என்றால் மதுரைக் கிளை. கிடைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உத்தரவில் சொன்ன நாட்களுக்குள் (பெரும்பாலும் 15) மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, ஜாமீன்தாரர்களைக் கொடுத்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும். "கிடைச்சிடுச்சு" என்று வீட்டில் இருந்துவிட்டு, 16-ம் நாள் கைதாகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்திருந்தால் முன்ஜாமீனுக்குத் தடை உண்டு. அங்கே வக்கீலின் வழியே வேறு.

வாசகர், விருதுநகர்: ஒருவரைக் கைது செய்துவிட்டால் முதல் நாளில் வக்கீல் என்ன செய்ய முடியும்? கோர்ட்டில்தானே அவர் வேலை?

முதல் 24 மணி நேரத்தில் எழுதப்படும் காகிதங்கள்தான் பின்னால் வழக்கு முழுவதையும் சுமக்கின்றன. கோர்ட்டில் நடப்பது பெரும்பாலும் அந்தக் காகிதங்களைப் பற்றிய சண்டை.

கைது செய்ததும் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். காலை 9 மணிக்கு வீட்டில் இருந்து கூட்டிப்போய்விட்டு, "மாலை 5 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரைக் கைது செய்தோம்" என்று எழுதுவது பழைய பழக்கம். கூட்டிப்போன உடனே, அந்த நேரத்தைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு தந்தியாவது கொடுக்கச் சொல்வார்கள் அந்தக் கால வக்கீல்கள். இன்று அதே வேலையை மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் செய்கின்றன. ஸ்டேஷன் சிசிடிவி பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பாதுகாக்கக் கோரி சீக்கிரமே மனுப் போட வேண்டும். தெருக்கடை கேமராவில் சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், அது இன்னும் அவசரம்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பளித்தது. இது தரப்படவில்லை என்றால் ரிமாண்டையே (மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவை) எதிர்க்கலாம். அந்த எதிர்ப்பை ரிமாண்ட் நேரத்திலேயே எழுதிக் கொடுப்பது நல்லது. வாயால் சொன்னது பதிவாகாமல் போகும்.

அடி விழுந்திருந்தால் அரசு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும், மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டும். "ஏதாவது சொல்லணுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும் அந்த அரை நிமிடத்தில் பயந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால், பிறகு அதை மீட்பது கஷ்டம். மருத்துவ அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் (பிரிவு 53).

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அதில் சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வரிகள் மட்டும் செல்லும் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டம், பிரிவு 23). அதனால்தான் கிட்டத்தட்ட எல்லா வழக்கிலும் "என்னை அழைத்துச் சென்றால் கத்தியை எடுத்துக் காட்டுகிறேன்" என்ற வாக்கியம் மாறாமல் இருக்கும். பக்கத்தில் வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளரும் சாட்சி.

இந்த இடத்தில் ஒரு கைதேர்ந்த வக்கீல் செய்வது, எல்லாக் காகிதங்களின் நேரத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது. புகார் கொடுத்த நேரம், எஃப்.ஐ.ஆர். பதிவான நேரம், அது மாஜிஸ்திரேட் கைக்குப் போய் அவர் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்ட நேரம், கைது, ஒப்புதல், பறிமுதல் மகஜர் (பறிமுதலின்போது எழுதும் குறிப்பு), பறிமுதலான பொருள் படிவம் 95 என்ற படிவத்தோடு கோர்ட்டுக்கு வந்த தேதி. ராத்திரி 10 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். ரெண்டு தெரு தள்ளியிருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் மறுநாள் மதியம் போயிருந்தால், நடுவில் என்ன எழுதிச் சேர்த்தார்கள் என்ற கேள்வி எழும். அதோடு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். காயம்பட்டவர் டாக்டரிடம் முதலில் சொன்னது அதில் இருக்கும். "தெரிந்த நபர்கள் மூன்று பேர் கட்டையால் தாக்கியதாக" என்று டாக்டர் எழுதியிருப்பார், எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர் அரிவாளோடு வந்திருப்பார்கள். பின்னால் சேர்ந்த மூன்று பேருக்கு அந்த ஒரு வரியே பாதி வழக்கு.

இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம் (பிரிவு 105). அந்த வீடியோ எங்கே என்று கேட்காத வக்கீல், புதிய சட்டத்தை இன்னும் பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

வாசகி, வேலூர்: என் தம்பிக்கு வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தது அடுத்த வியாழக்கிழமை. வக்கீல் சரியில்லையா?

பெரும்பாலும் தவறு ஜாமீன்தாரர் ஏற்பாட்டில் இருக்கும். உத்தரவில் "இரண்டு நபர் ஜாமீன், தலா 10,000 ரூபாய்" என்று இருந்தால், அந்த இருவரும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேரில் நிற்க வேண்டும். போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல் கேட்பார்கள். பல கோர்ட்டுகளில் வீட்டு வரி ரசீது போன்ற சொத்து ஆதாரமும் கேட்கிறார்கள். வரி ரசீது இறந்துபோன அப்பா பெயரில் இருப்பது, ஆதாரில் பெயர் வேறு எழுத்தில் இருப்பது, ஏற்கெனவே வேறு வழக்கில் ஜாமீன் நின்றவராக இருப்பது, இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கமாகக் காலை வாரும். ஜாமீன் மனு போடும் அன்றே ஆட்களையும் காகிதங்களையும் வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரம் ஏற்கப்பட்ட பிறகு விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். மாலை பூட்டு நேரத்துக்குப் பிறகு போனால் மறுநாள்தான்.

ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளிவர முடியாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு மாதம் ஆகிவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம்.

"தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்ற நிபந்தனை இருந்தால் ஒரு நாளும் தவறக் கூடாது. வேலை போய்விடும் நிலை என்றால், சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்வு மனு போடலாம். தவறவிட்ட பிறகு போடும் மனுவுக்கு மரியாதை இல்லை.

வாசகர், கடலூர்: 60 நாள் ஜாமீன், 90 நாள் ஜாமீன் என்கிறார்களே, அது தானாகக் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை (பிரிவு 187). ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 61-ம் நாள் காலை மனு போட்டாக வேண்டும். நாள் எண்ணுவதில் ஒன்று பிசகி, வக்கீல் 62-ம் நாள் வந்தால், அதற்கு முந்தின சாயங்காலம் குற்றப்பத்திரிகை உள்ளே போயிருக்கும், உரிமையும் போயிருக்கும். மனு முதலில் போய்விட்டால், பிறகு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து அதைத் தட்டிவிட முடியாது. இதைச் சென்னையில் இருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில், ரவீந்திரன் வழக்கு என்பார்கள், 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

வாசகர், தூத்துக்குடி: இரண்டு வழக்கில் ஜாமீன் எதிர்பார்த்திருந்த நேரத்தில் என் அண்ணன் மகன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். ஜாமீன் வக்கீல் "இனி என் கையில் இல்லை" என்கிறார்.

அவர் சொல்வது ஒரு வகையில் சரி. குண்டர் சட்டம் (1982-ன் 14-ம் சட்டம்) தண்டனை இல்லை, தடுப்புக் காவல். 12 மாதம் வரை வைக்கலாம். ஆணை போட்டவர் கலெக்டர் அல்லது கமிஷனர். ஜாமீன் மனு இங்கே பயன்படாது. காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. வழி, காவலே செல்லாது என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு. உங்களுக்கு மதுரைக் கிளை.

அந்த மனு ஜெயிப்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். காவலில் வைத்ததற்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும். அந்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் கறுத்திருக்கிறதா, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். "இதே போன்ற வழக்கில் ஜாமீன் தரப்பட்டதால் இவரும் வெளிவர வாய்ப்புண்டு" என்று எழுதியிருந்தால், அந்த வழக்கு உண்மையிலேயே இதே போன்றதா, அதன் நகல் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதியதை, தமிழ்நாட்டின் ரேகா வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பம் உடனே செய்ய வேண்டியது, அரசுக்கு முறையீடு அனுப்புவது. பதிவுத் தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அதைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் தாமதித்தால், ஆணை ரத்தாக அதுவே போதுமான காரணமாகலாம்.

வாசகர், ஈரோடு: குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. விசாரணையில் குறுக்கு விசாரணை எப்படி நடக்கும்? சினிமாவில் வருவது போலவா?

சினிமாவில் வக்கீல் கத்துவார், சாட்சி உடைந்து அழுவார். உண்மையான குறுக்கு விசாரணை கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கும்.

ஆவண நகல்கள் எல்லாவற்றையும், ஆஜரான நாளில் இருந்து 14 நாளுக்குள் தர வேண்டும் (பிரிவு 230). வாங்கியதும் பக்கம் எண்ணிச் சரிபாருங்கள். ஆதாரமே இல்லையென்றால், சாட்சி விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரி விடுவிப்பு (டிஸ்சார்ஜ்) மனு போடலாம். ஆனால் அதில் நம் வாதம் முழுவதையும் கொட்டிவிட்டால், அரசுத் தரப்பு ஓட்டையை அடைத்துக்கொண்டு சாட்சியைக் கூண்டில் ஏற்றும். ஆகவே எல்லா வழக்கிலும் டிஸ்சார்ஜ் போடுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

சாட்சி கோர்ட்டில் "அவன்தான் முதலில் வெட்டினான்" என்கிறார். போலீஸ் வாக்குமூலத்தில் அப்படி இல்லை. வக்கீல் அந்த வாக்குமூலப் பகுதியைக் காட்டி, "இப்படி நீங்கள் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை" என்று கேட்பார். சாட்சி "சொன்னேன்" என்பார். இதோடு நிறுத்திவிட்டால் வேலை பாதிதான். மாதக்கணக்கில் கழித்து விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, "இந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை, சரிதானே?" என்று கேட்டு, "சரிதான்" என்ற பதிலைப் பதிவில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் முரண் நிரூபணமாகும். நடுவில் வக்கீல் மாறினாலோ, குறிப்பு தொலைந்தாலோ, இந்த இரண்டாவது கேள்வி விட்டுப்போகும். தீர்ப்பில் "முரண் நிரூபிக்கப்படவில்லை" என்று வரும் இடம் இதுதான். சாட்சியை மறுபடி அழைக்க 348-ம் பிரிவில் மனு போடலாம். நீதிமன்றம் சம்மதிக்கும் என்ற உறுதி கிடையாது.

அடுத்து, சாட்சியம் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரையே கேள்வி கேட்பார் (பிரிவு 351). நம் கோர்ட்டுகளில் எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. இது வீணான வாய்ப்பு. சம்பவ நேரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையில் இருந்தார் என்றால் அங்கே சொல்ல வேண்டும். எழுத்து மூலமாகவும் தாக்கல் செய்யலாம். வருகைப் பதிவேடு, போன் பதிவு இருந்தால் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். போன் வீடியோவை ஆதாரமாகக் காட்டப் போகிறீர்கள் என்றால் அந்த போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கான சாட்சியச் சட்டப் பிரிவு 63 சான்றிதழ் இல்லாமல் அதன் நகல் நிற்காது.

வாசகி, தஞ்சாவூர்: குற்றம் செய்தவன் என்று தெரிந்தே வக்கீல் எப்படி வாதாடுகிறார்? மனசாட்சி உறுத்தாதா?

இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது. குற்றவாளியா என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. தன் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கோயம்புத்தூரில் ஒரு வழக்கில் காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது.

ஆனால் எல்லை உண்டு. கட்சிக்காரர் தன்னிடம் ஒப்புக்கொண்ட பிறகு, "அன்று அவர் ஊரிலேயே இல்லை" என்று பொய்ச் சாட்சியை வக்கீல் ஏற்றக் கூடாது. அரசுத் தரப்பின் ஆதாரம் போதுமா என்று உரசிப் பார்க்கலாம். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வெளியிடவும் கூடாது. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே வக்கீலிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத விஷயத்தை எதிர்த்தரப்பு கூண்டில் வைத்து எடுத்தால், அங்கே யாராலும் காப்பாற்ற முடியாது.

வாசகர், நாகர்கோவில்: வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்ப்பாரா?

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அப்படியே. 15100-க்கு அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். சிறையில் இருப்பவர் சிறை வழியாகவே மனு கொடுக்கலாம். பல மாவட்டங்களில் இப்போது இதற்கென்றே முழுநேர வக்கீல்கள் இருக்கிறார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள்.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துப் பேசுங்கள். "ஜெயித்தால் இவ்வளவு" என்ற பேச்சுக்கு விதி இடம் தரவில்லை. "மேலே கொடுக்கணும்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீலை மாற்றும்போது ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாசகர், கரூர்: வாய்தாவுக்குப் போக முடியாமல் வாரண்ட் ஆகிவிட்டது. போலீஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. வர முடியாத நாளில் காரணம் சொல்லி 355-ம் பிரிவில் மனு போட்டிருந்தால் இது வந்தே இருக்காது. இப்போது வக்கீலோடு நீங்களே அந்தக் கோர்ட்டில் காலையிலேயே ஆஜராகி, பிடிவாரண்டை ரத்து செய்யும் மனு போடுங்கள். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அசலைக் கொண்டு போங்கள். ஜாமீனில் வந்தவர் காரணமில்லாமல் ஆஜராகாவிட்டால் அது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்., பிரிவு 269). உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரருக்கும் பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும். அவருக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.